மூன்றாம் பெயரின் பொறுப்பு



முதுமலையில் ஒரு யானையைப் பார்க்கிறோம். இலங்கையின் மின்னேரியாவில் இன்னொரு யானையைப் பார்க்கிறோம். இரண்டும் ஆசிய யானைதான். ஆனால் உயிரியலாரின் ஏட்டில் முதுமலை யானை ‘எலிஃபாஸ் மேக்சிமஸ் இண்டிகஸ்’, மின்னேரியா யானை ‘எலிஃபாஸ் மேக்சிமஸ் மேக்சிமஸ்’. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கிறது. இரண்டாவது சொல் அதனோடு சேர்ந்து சிற்றினத்தைச் சொல்கிறது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடும். இன்று நான் பேச வந்திருப்பது மூன்றாவது சொல்லைப் பற்றி. ஒரே சிற்றினம், வெவ்வேறு நிலப்பகுதிகளில் வாழ்ந்து, ஒன்றோடொன்று இனம்பெருக்கும் திறனை இழக்காமலேயே கண்டறியக்கூடிய அளவு வேறுபட்டுப் போயிருந்தால், அந்தப் பகுதிக் கூட்டங்களைத் துணையினங்கள் என்கிறோம். மூன்றாவது சொல் அவற்றுக்கு உரியது.

‘மேக்சிமஸ்’ இரண்டு முறை வருவதைப் பார்த்து, இலங்கை யானைதான் எல்லாவற்றிலும் பெரியது என்றோ, அதுவே மூத்தது, மற்றவை அதிலிருந்து பிரிந்தவை என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பெயர் இவற்றில் எதையும் சொல்லவில்லை. பெயர் இரட்டிப்பதற்கு ஒரே காரணம், அந்தக் கூட்டம் முதலில் பெயர் பெற்றது என்பதுதான். 1758இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குப் பெயர்களுக்கு அந்த ஆண்டே தொடக்கம் என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட விதி. யானைக்கு எலிஃபாஸ் மேக்சிமஸ் என்று பெயர் சூட்டிய அவர், அதன் இருப்பிடம் இலங்கை என்று எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 1798இல், பிரான்சின் ஜார்ஜ் குவியே ‘இண்டிகஸ்’ என்ற பெயரைத் தந்தார். 1847இல் டச்சு அறிஞர் டெம்மிங்க் சுமத்ரா யானைக்கு ‘சுமத்ரானஸ்’ என்று பெயரிட்டார். பின்னாளில் இவை மூன்றும் ஒரே சிற்றினத்தின் கிளைகள் என்று முடிவானபோது, முதற்பெயர் எந்த மண்ணுக்குச் சொந்தமோ அந்த மண்ணின் கூட்டம் சிற்றினப் பெயரையே மறுபடியும் சூடிக்கொண்டது. இது யாரும் தனியாக முடிவு செய்து தரும் சிறப்பு அன்று. விதிப்படி தானாகவே வந்து சேர்வது.

ஆனால் முதற்பெயர் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்பதை எப்படி உறுதி செய்வது? இங்கேதான் பெயரிடும் முறையின் அடித்தளம் இருக்கிறது. ஒவ்வொரு பெயரும் ஏதோ ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த உடலை மூல மாதிரி என்கிறோம். அது பதப்படுத்திய தோலாக இருக்கலாம், மண்டையோடாக இருக்கலாம், சாராயப் புட்டியில் மிதக்கும் தவளையாக இருக்கலாம், ஓவியத்தில் வரையப்பட்ட உயிரியாகக்கூட இருக்கலாம். வருணனை தவறாக இருக்கலாம், பெயரின் பொருள் பொருந்தாமல் போகலாம். அந்த உடல் எது, அது எந்த ஊரில் கிடைத்தது என்பது தெரிந்திருந்தால் பெயர் நிலைக்கும்.

யானையின் மூல மாதிரிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். லின்னேயஸ் யானையை விவரித்தபோது அவர் கண்ணால் கண்டது, சாராயத்தில் பாதுகாத்த ஒரு யானைக் கரு. ஆம்ஸ்டர்டாமில் ஆல்பெர்ட்டஸ் சேபா என்ற மருந்து வணிகர் திரட்டிய சேகரிப்பில் இருந்து ஸ்வீடனுக்குப் போன கரு அது. இன்றும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் காதுகளும் தலையும் ஆப்பிரிக்க யானையைப் போலிருக்கின்றனவே என்ற ஐயம் அறிஞர்களுக்கு இருந்தது. கோபன்ஹேகன் ஆய்வாளர்களும் மற்ற நாட்டினரும் சேர்ந்து, பழைய புரதங்களையும் மரபணுத் துணுக்குகளையும் படிக்கும் புதிய முறைகளால் அதைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அது ஆப்பிரிக்க யானையின் கருதான்.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். அந்தக் கருவையே மூல மாதிரியாக நிறுத்தியிருந்தால், ‘எலிஃபாஸ் மேக்சிமஸ்’ என்ற பெயர் ஆப்பிரிக்க யானைக்குப் போயிருக்கும். இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆசிய யானையைப் பற்றி எழுதிய எல்லாவற்றிலும் பெயர் குழம்பியிருக்கும். நல்லவேளையாக லின்னேயஸ் தம் நூலில் கருவோடு நிறுத்தாமல், ஆங்கிலேயர் ஜான் ரே 1693இல் எழுதிய நூலையும் மேற்கோளாகக் காட்டியிருந்தார். ரே விவரித்தது, 1664இல் தாம் ஃபிளாரன்ஸ் நகரில் நேரில் பார்த்த ஒரு யானையின் எலும்புக்கூட்டை. அந்த எலும்புக்கூடு இன்னும் ஃபிளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதுவே ஆசிய யானையின் மூல மாதிரி என்று ஆய்வாளர்கள் முறைப்படி அறிவித்தார்கள்.

அந்த யானைக்குப் பெயரும் உண்டு. ஹான்ஸ்கென். 1630ஆம் ஆண்டையொட்டி இலங்கையில் பிறந்த பெண் யானை. டச்சுக்காரர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவின் சந்தைக்குச் சந்தை கூட்டிச்சென்று வித்தை காட்டவைத்தார்கள். 1637இல் ரெம்பிராண்ட் அதைப் பார்த்துக் கோட்டோவியமாக வரைந்தார். 1655இல் ஃபிளாரன்சில் இறந்தது. தன் காட்டை மறுபடி பார்க்கவே வாய்ப்பில்லாமல் போன அந்த விலங்கின் எலும்புகள்தான் இன்று ஆசிய யானை என்ற சொல்லைத் தாங்கி நிற்கின்றன. அது இலங்கையில் பிறந்தது என்பதால் இலங்கை யானை ‘மேக்சிமஸ் மேக்சிமஸ்’ என்பதும் உறுதிப்பட்டது. அதன் துயரத்தை எண்ணாமல் அந்தப் பெயரை என்னால் உச்சரிக்க முடிவதில்லை.

பெயர் உறுதிப்பட்டது. ஆனால் அந்தத் துணையினம் உண்மையிலேயே தனித்த ஒன்றா? இது முற்றிலும் வேறு கேள்வி. பெயர்விதிகள் இதற்கு விடை சொல்லா. இலங்கை யானைகளில் ஆண்களுக்கும் தந்தம் இருப்பது அரிது; நம் பக்கம் மக்னா என்று சொல்கிறோமே, அங்கே பெரும்பாலான ஆண்கள் அப்படித்தான். காதிலும் துதிக்கையிலும் நிறமிழந்த திட்டுகள் கூடுதல் என்றும் நூல்கள் சொல்லும். ஆனால் 2001இல் வெளியான தாய்வழி மரபணு ஆய்வு, ஆசிய யானைகளில் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு பழங்கொடிகள் இருப்பதையும், அவை இரண்டும் இலங்கையிலும் ஆசியப் பெருநிலத்திலும் கலந்தே கிடைப்பதையும் காட்டியது. அந்த அளவுகோலின்படி இலங்கை யானைக்குத் தனித்துவம் குறைவு. சுமத்ரா யானைக்கே அது மிகுதி. ஆகவே பெயரின் செல்லுபடி ஒன்று, அந்தப் பெயருக்குரிய கூட்டத்தின் உண்மைத்தன்மை இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் துணையினம் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்குகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பில் துணையினமே கடைசிப் படி. அதற்குக் கீழே உள்ள வடிவம், நிறபேதம் எதையும் அந்த விதித்தொகுப்பு கணக்கில் எடுப்பதில்லை. கருஞ்சிறுத்தை தனித் துணையினம் ஆகாது. ஒரே ஈற்றில் கறுப்புக் குட்டியும் புள்ளிக் குட்டியும் பிறக்கின்றன. வெள்ளைப் புலியும் அப்படியே. பெயர் சூட்டியவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் அந்த உயிரியை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்று பொருள். புலியை லின்னேயஸ் ஃபெலிஸ் பேரினத்தில் வைத்தார், இன்று அது பாந்தெராவில் இருக்கிறது, அதனால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போயிற்று. தாவரங்களுக்கு விதிகள் வேறு. அங்கே துணையினத்துக்குக் கீழே வகை, வடிவம் என்ற படிகளும் செல்லும். எந்தப் படி என்பதைப் பெயருக்கு நடுவே எழுதியாக வேண்டும். நெல்லில் இண்டிகா, ஜப்பானிகா என்று இரண்டு துணையினங்களை 1928இல் ஜப்பானிய அறிஞர் காட்டோவும் அவர் கூட்டாளிகளும் பிரித்தார்கள்; இரண்டையும் கலந்தால் பிறக்கும் பயிரில் மலட்டுத்தன்மை மிகுந்திருந்ததே அவர்களுக்குச் சான்று. நம் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் உழவர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள், துணையினங்கள் ஆகா. அவற்றுக்குத் தனி விதித்தொகுப்பு இருக்கிறது.

மூன்று சொற்பெயர் எங்கிருந்து வந்தது? லைடன் அருங்காட்சியகத்தின் ஹெர்மன் ஷ்லேகல் 1844இல் ஐரோப்பியப் பறவைகளுக்கு அதை முறையாகக் கையாண்டார். அமெரிக்காவில் எலியட் கூஸ், ராபர்ட் ரிட்ஜ்வே போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். 1886இல் அமெரிக்கப் பறவையியலார் சங்கம் தன் விதிநூலில் அதை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் வால்டர் ராத்ஸ்சைல்டு, எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட், கார்ல் ஜோர்டன் மூவரும் உலகெங்குமிருந்து வந்த தோல்களை வரிசையாக அடுக்கி, இடத்துக்கு இடம் மாறும் வேறுபாட்டைப் படித்தார்கள். அதற்கு முன், நிறம் சற்று மாறினாலும் புதிய சிற்றினம் என்று அறிவித்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஓர் உயிரி இடம் மாற மாற மெல்ல மாறுகிறது, அந்த மாற்றமே பரிணாமம் நடந்துகொண்டிருப்பதன் சாட்சி என்ற புரிதல் இவர்களால் வேரூன்றியது. எர்ன்ஸ்ட் மயர் 1942இல் எழுதிய ‘சிஸ்டமாட்டிக்ஸ் அண்ட் தி ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்’ நூல் இந்த மரபின் கனி. துணையினம் என்ற கருத்தை நான் மதிப்பது இதனால்தான். சிற்றினம் என்பது அசையாத அச்சு என்ற எண்ணத்தை உடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் எவ்வளவு வேறுபட்டால் பெயர் தரலாம்? 1949இல் டீன் அமடான் ஒரு வரையறையைத் தெளிவுபடுத்தினார். ஒரு கூட்டத்தின் 75 விழுக்காட்டு உயிரிகளையாவது, மற்றக் கூட்டத்தின் ஏறக்குறைய எல்லா உயிரிகளிலிருந்தும் பிரித்தறிய முடிய வேண்டும். எளிதாகத் தோன்றினாலும், இது கடுமையான நிபந்தனை. சராசரி வேறுபாடு போதாது. ஒரு மலைப் பறவையின் சிறகு அடுத்த மலைப் பறவையின் சிறகைவிடச் சராசரியாக இரண்டு மில்லிமீட்டர் நீளம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரு கூட்டத்தின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், கையிலிருக்கும் பறவை எந்த மலைக்குரியது என்று சொல்ல முடியாது. ஏழெட்டுத் தோல்களை மட்டும் அளந்து பெயர் சூட்டிய காலம் ஒன்று இருந்தது. அவற்றில் பல பெயர்கள் இந்தச் சோதனையில் தேறா.

இதைவிட ஆழமான கேள்வியை 1953இல் எட்வர்ட் வில்சனும் வில்லியம் பிரவுனும் எழுப்பினார்கள். உயிரிகள் பெரும்பாலும் படிப்படியாகத்தான் மாறுகின்றன. நாகர்கோவிலிலிருந்து கோவை வரை ஊர் ஊராக நடந்துபோனால் பேச்சு மெல்ல மெல்ல மாறும். நெல்லைத் தமிழ் இந்தத் தெருவோடு முடிந்தது என்று எங்கேயும் கோடு கிழிக்க முடியாது. விலங்குகளின் உடலளவும் நிறமும் அப்படித்தான். இப்படிப்பட்ட தொடர்சரிவுக்கு ஜூலியன் ஹக்ஸ்லி 1938இலேயே தனிப்பெயர் கொடுத்திருந்தார். மேலும், ஒவ்வொரு பண்பும் ஒவ்வொரு திசையில் சரியும். நிறம் தெற்கே கருமையாகலாம், உடல் வடக்கே பருக்கலாம், முட்டையின் எண்ணிக்கை மேற்கே கூடலாம். நிறத்தை வைத்துக் கிழித்த கோடு உடலளவுக்குப் பொருந்தாது. அப்படியானால் எந்தப் பண்பை நம்பிப் பெயர் வைப்பது? வில்சனும் பிரவுனும் மூன்றாம் பெயரே வேண்டாம் என்றார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சரிவு இருக்கும் இடத்தில் கோடு கிழிக்கக் கூடாது என்பது சரி. ஆனால் கடலும் பள்ளத்தாக்கும் பாலையும் இயற்கையாகவே பிரித்து வைத்த கூட்டங்களும் இருக்கின்றனவே; அவற்றுக்குப் பெயர் வேண்டாமா?

ஒரே இடத்தில் இரண்டு துணையினங்கள் சேர்ந்து இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். செய்தால் ஒன்று அவை கலந்து ஒன்றாகும், இல்லையென்றால் அவை தனிச் சிற்றினங்கள். குளிர்காலத்தில் நம் ஏரிக்கரைகளுக்கு வரும் மஞ்சள் வாலாட்டிகளைப் பாருங்கள். வசந்தம் நெருங்கும்போது சில ஆண்பறவைகளின் தலை அடர்சாம்பல் நிறம், சிலவற்றுக்கு நீலச்சாம்பலோடு வெண்புருவம், சிலவற்றுக்குக் கருமை. ஒரே வரப்பில் மேய்ந்தாலும் இவை வெவ்வேறு துணையினங்கள். கூடுகட்ட அவை திரும்பிப்போகும் வடபுலங்கள் வேறு வேறு. துணையினத்தைத் தீர்மானிப்பது இனம்பெருக்கும் மண்தான்.

நம் மலைகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் படிநிலைகள் எப்படி மேலும் கீழும் நகர்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது. நீலகிரியின் சோலைகளில் தரையோடு தத்தித் திரியும் ஒரு சிறு நீலப்பறவை இருக்கிறது, வயிற்றோரம் செம்பழுப்பு. டி. சி. ஜெர்டன் 1841இல் அதை விவரித்து ‘மேஜர்’ என்ற பெயரைக் கொடுத்தார். பழனி மலையில் அதைப் போன்ற இன்னொரு பறவை; ஆனால் அதற்குச் செம்பழுப்பு இல்லை, வயிறு வெள்ளை. வில்லியம் பிளான்ஃபோர்டு 1868இல் அதற்கு ‘ஆல்பிவென்ட்ரிஸ்’ என்று பெயரிட்டு, தனிச் சிற்றினமாகவே வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் சிற்றினங்களைச் சேர்த்துக் கட்டும் காலம் வந்தது. இவை ஒரே சிற்றினத்தின் இரு துணையினங்கள் என்று ஒடுக்கப்பட்டன. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் எழுதிய இந்தியத் துணைக்கண்டப் பறவைக் கையேட்டில் அப்படியே இருக்கும். பேரினமும் இமயமலைப் பறவைகளின் ‘பிராக்கிப்டெரிக்ஸ்’ என்று இருந்தது.

2005இல் பமேலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தம் தெற்காசியப் பறவை நூலில் இரண்டையும் மறுபடி பிரித்தார்கள். வி. வி. ராபினும் அவருடைய கூட்டாளிகளும் மலைமலையாக ஏறி இரத்த மாதிரி எடுத்து, பாட்டைப் பதிந்து, அருங்காட்சியகத் தோல்களை அளந்து, மரபணுக்களைப் படித்து, 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு பரம்பரை, தெற்கே இன்னொன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம், யாரும் பெயரிடாத மூன்றாவது ஒன்று. மலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஆனால் சோலைக்காட்டின் குளிரிலும் இருளிலும் மட்டுமே வாழத்தெரிந்த இந்தப் பறவைக்கு, இடையிலிருக்கும் வெப்பமான தாழ்நிலம் கடலுக்கு நிகர். மூன்றும் தனிச் சிற்றினங்களாயின. புதியதற்கு ‘ஆஷம்புவென்சிஸ்’ என்று பெயர். இமயமலைப் பறவைகளோடு இவற்றுக்கு நெருங்கிய உறவே இல்லை என்பதால் புதிய பேரினமும் தேவைப்பட்டது. அதற்கு ‘ஷோலிகோலா’ என்று பெயர் வைத்தார்கள். நம் சோலை அறிவியல் பெயரில் ஏறியிருக்கிறது. 

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்று. இந்தப் பறவைகளைத் துணையினங்களாக ஒடுக்கி வைத்திருந்த பல பத்தாண்டுகளில் மூன்றாம் பெயர் வீணாகப் போகவில்லை. பழனிப் பறவை வேறு, நீலகிரிப் பறவை வேறு என்ற செய்தியை அதுதான் காத்துவைத்தது. அந்தப் பெயரும் இல்லாமல் போயிருந்தால், பழனியில் எதைத் தேட வேண்டும் என்பது பின்வந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா? அகத்தியமலைப் பறவைக்கு அந்தக் காவல் இல்லை. அது 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2004இல் ராபர்ட் சிங்க், பறவைத் துணையினங்கள் பலவற்றைத் தாய்வழி மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய 3 விழுக்காடுதான் தனிப் பரம்பரைகளாகத் தேறின. இரண்டு ஆண்டு கழித்து ஃபிலிமோரும் ஓவன்சும் தீவுகளையும் வெப்பமண்டலங்களையும் கூடுதலாகச் சேர்த்து ஆய்ந்தபோது அது 36 விழுக்காடாயிற்று. மரபணு ஒன்றையே நம்பினாலும் சிக்கல்தான். நிறமும் பாட்டும் விரைவாக மாற, தாய்வழி மரபணு பின்தங்கியிருக்கலாம். ஆயினும் பழைய பெயர்களில் பெரும்பகுதி மறுசோதனைக்குக் காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

பெரும்பூனைகளில் இந்தச் சோதனை மிகுந்த வாதத்தோடு நடந்தது. சிறுத்தையில் 27 துணையினப் பெயர்கள் புழங்கின. மரபணு ஆய்வுகள் அவற்றை ஒன்பதளவுக்குக் குறைத்தன. கொழும்பு அருங்காட்சியகத்தை நடத்திய தெரணியகல பெயரிட்ட இலங்கைச் சிறுத்தை ‘கோட்டியா’ அந்தச் சோதனையில் நிலைத்தது. புலியில் ஒன்பது பெயர்கள். 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனைக் குழு அவற்றை இரண்டாகச் சுருக்கியது: பெருநிலத்துக்கு ஒன்று, சுண்டாத் தீவுகளுக்கு ஒன்று. அடுத்த ஆண்டே, 32 புலிகளின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்த இன்னொரு குழு, இன்று உயிரோடிருக்கும் புலிகளில் ஆறு தெளிவான கிளைகள் உண்டு என்றது. ஒரே விலங்கு, இரு நேர்மையான குழுக்கள், இரண்டு விடைகள். தரவு பொய் சொல்லவில்லை. எவ்வளவு வேறுபாடு போதும் என்ற எல்லையை அவரவர் வேறு இடத்தில் வைத்தார்கள். அந்த எல்லை மனிதர் வைப்பது.

இது ஏட்டுச் சண்டையோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினச் சட்டம், சிற்றினம் என்ற சொல்லுக்குள் துணையினத்தையும் சேர்த்துக்கொண்டது. மூன்றாம் பெயர் இருந்தால் பாதுகாப்பும் பணமும் உண்டு. ஃபுளோரிடாவின் சதுப்புகளில் வாழ்ந்த கருநிறக் கடலோரக் குருவித் துணையினத்தின் கடைசிப் பறவை 1987இல் கூண்டில் இறந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த மரபணு ஆய்வு, அட்லாண்டிக் கரையின் மற்றக் குருவிகளிடமிருந்து அதற்குப் பெரிய வேறுபாடு இல்லை என்றது. அப்படியானால் இழந்தது ஒன்றுமில்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சதுப்புக்கே உரிய ஒரு கூட்டம், அந்தக் கருமை, போய்விட்டது. காஸ்பியன் புலியின் கதை இன்னொரு திசையில் செல்கிறது. அது அழிந்துபோன தனித் துணையினம் என்று எண்ணியிருந்தார்கள். 2009இல் அருங்காட்சியக மாதிரிகளைப் படித்தபோது, சைபீரியாவின் அமூர் புலிக்கும் அதற்கும் தாய்வழி மரபணுவில் ஓர் எழுத்தளவே வேறுபாடு என்று தெரிந்தது. அதனால்தான் கசக்ஸ்தான் தன் பழைய புலிநிலத்தில் அமூர் புலிகளை விடத் திட்டமிட முடிந்தது. 2024இல் நெதர்லாந்திலிருந்து இரண்டு புலிகள் அங்கே போய்ச் சேர்ந்தன.

நம் நாட்டில் சிவிங்கிப்புலிக்கு இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இந்தியாவில் அழிந்தது ‘வெனாட்டிகஸ்’ துணையினம். அதன் மிச்சம் ஈரானில் மட்டும் மிகச் சிறு எண்ணிக்கையில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலி அதிலிருந்து பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. ஆப்பிரிக்க விலங்கைக் கொண்டுவருவதை நீதிமன்றம் 2013இல் நிறுத்தியது. 2020இல் சோதனை முறையில் அனுமதித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் குனோவுக்கு வந்தன. ஈரானிடமிருந்து பெற வழியில்லாத நிலையில் இது ஒன்றே வாய்ப்பு என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை மீட்பு என்று சொல்லும்போது, எந்த மூன்றாம் பெயரை இழந்தோம், எந்த மூன்றாம் பெயர் வந்திருக்கிறது என்பதைப் பொதுமக்களுக்குத் திறந்து சொல்ல வேண்டும்.

மனிதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லின்னேயஸ் மனிதரைக் கண்டத்துக்கு ஒன்றாக நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தோல்நிறத்தோடு குணத்தையும் சேர்த்து எழுதினார். ஐரோப்பியருக்கு அறிவும் சட்டமும், ஆப்பிரிக்கருக்குச் சோம்பலும் தந்திரமும். அறிவியல் ஏட்டின் அதிகாரத்தோடு எழுதிய அந்த வரிகள் செய்த கேடு இன்னும் ஓயவில்லை. 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் கணக்கிட்டபோது, மனித மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு எந்த ஒரு கூட்டத்துக்குள்ளேயும் இருப்பதுதான் என்று கண்டார். யானைக்கும் பறவைக்கும் நாம் வைக்கும் அளவுகோலை வைத்தால், இன்று வாழும் மனிதரில் துணையினம் என்று எதுவும் தேறாது. வகுப்பறையில் துணையினத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை அதே பாடத்தில், அதே நாளில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் ஒரு மூன்றாம் பெயர். சுருட்டை விரியன். பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட இந்தியப் பாம்பு நூலில் இதன் படம் இருக்கிறது. அந்தப் பாம்பு கிடைத்த ஊர் நம் ஆரணி. அதை வைத்து ஜெர்மானியர் ஷ்னைடர் 1801இல் ‘காரினாட்டா’ என்று பெயரிட்டார். ஆகவே தென்னிந்தியச் சுருட்டை விரியன்தான் ‘எக்கிஸ் காரினாட்டஸ் காரினாட்டஸ்’. வடமேற்கில், ராஜஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வாழ்வது உருவில் பெரியது. 1969இல் ஸ்டெம்லர் அதற்கு ‘சோச்சுரெக்கி’ என்று பெயர் வைத்தார்.

பாம்புக்கடிக்கு இந்தியா முழுவதும் கிடைப்பது ஒரே கூட்டு நஞ்சுமுறி மருந்து. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக வழங்கிவந்திருக்கிறது. அந்த மக்களின் கைத்திறன் காப்பாற்றிய உயிர்கள் எண்ணற்றவை. ஆனால் அவர்கள் பிடிப்பது இந்த மண்ணின் பாம்பை, காரினாட்டஸ் காரினாட்டசை. மேற்கு ராஜஸ்தானில் சோச்சுரெக்கி கடித்து வந்தவர்களுக்கு இந்த மருந்து எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்பதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வும் சோச்சுரெக்கி நஞ்சை இந்த மருந்து முறிக்கும் திறன் குறைவு என்று காட்டியது. அரை நூற்றாண்டாக மூன்றாம் பெயர் ஏட்டில் இருந்தது. இது வேறு கூட்டம், கவனியுங்கள் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. மருந்துத் தொழிற்சாலைக்கு அது எட்டவில்லை.

ஆனால் பெயரை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். கண்ணாடி விரியனுக்கு இந்தியாவுக்குள் இன்று துணையினம் எதுவும் ஏற்கப்படவில்லை. இருந்தும் அதன் நஞ்சு ஒரு மாநிலத்துக்கும் இன்னொரு மாநிலத்துக்கும் மாறுகிறது. ஆகவே வேண்டியது இதுதான்: கடிக்கும் பாம்பு வாழும் மண்ணிலேயே நஞ்சு எடுக்க மாநிலந்தோறும் ஏற்பாடு, எடுத்த ஒவ்வொரு துளிக்கும் ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு, அந்தச் சீட்டுகளைப் படித்துக் கூட்டங்களைப் பிரித்தறியும் வகைப்பாட்டியலாருக்கு நம் பல்கலைக்கழகங்களில் வேலை. இதில் மூன்றாவதற்குத்தான் இன்று ஆளும் பணமும் மிகக் குறைவு. இங்கே இருக்கும் மாணவர்களில் யாருக்காவது அந்தத் துறைக்கு வர மனமிருந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து என்னைப் பாருங்கள்.